கல்லை எண்ணிய கணக்கு: ஒடுக்கப்பட்டோர் வரலாறும் பொது நூலகத் திரையிடலும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)

கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்ரேயக் கடல் பெரிப்ளஸ்' என்னும் கடல்வழிக் கையேடு பாண்டியர் துறைமுகமாகிய கொற்கையைக் 'கொல்கி' என்று குறிக்கிறது. அங்கே முத்துக் குளிப்பு நடக்கிறது என்று சொல்லும் அந்த நூல், அந்த வேலையைச் செய்பவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்றும் சேர்த்துச் சொல்கிறது. கொற்கை முத்தைச் சங்கப் புலவர்கள் பாடினார்கள். ரோமானியர் விலை கொடுத்து வாங்கினார்கள். மூச்சை அடக்கிக் கடலுக்குள் இறங்கியவரைப் பற்றி அயல்நாட்டு வணிகர் ஒருவர் போகிற போக்கில் எழுதிய ஒற்றை வாக்கியம் மிஞ்சியது. அவர்கள் செய்த குற்றம் என்ன, தண்டித்தது யார், எத்தனை பேர் கரை திரும்பினார்கள் என்பதற்கெல்லாம் ஏடு இல்லை.

அவையோரே, இந்த உரை முன்வைக்கும் கருத்து ஒன்றுதான். ஒடுக்கப்பட்ட மக்களின் வரலாற்றை ஒட்டிப் பொது நூலகம் நடத்தும் பேச்சும் கண்காட்சியும் திரையிடலும் நூலகத்தின் கூடுதல் பணி என்றே பெரும்பாலும் எண்ணப்படுகின்றன. புத்தகம் வாங்கி, எண் போட்டு, அடுக்கி, வாசகருக்குக் கொடுத்தபின் மிச்ச நேரத்தில் செய்யும் வேலை என்பது பொது எண்ணம். இத்துறையில் பெயர் பெற்ற நூலகங்களின் கதை வேறு மாதிரி இருக்கிறது. அங்கே முதலில் நிகழ்ச்சி வந்தது. நிகழ்ச்சிக்குக் கூடிய மக்கள் கேட்ட கேள்விக்குப் பதில் தேடியபோது தொகுப்பு உருவானது. எழுதப்படாத மக்களுக்கு நூலகத்துக்குள் வரும் வாசல், நூற்பட்டியலைக் காட்டிலும் நூலக அரங்கில்தான் அகலமாக இருக்கிறது.

1. முத்துக் கரையின் கணக்கேடு

தாமிரபரணி கொண்டுவந்த மண் கடலைத் தள்ளிவிட, கொற்கை இன்று கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே, ஏரல் பக்கத்தில், வாழைக்கும் நெல்லுக்கும் நடுவே ஒரு சிற்றூராக இருக்கிறது. 1870களில் கால்டுவெல் இங்கே தோண்டிப் பார்த்தார். 1968-69இல் தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் கிடைத்த கரித்துண்டு கி.மு. 785 என்ற காலத்தைக் காட்டியது. துறைமுகத்தின் தொழில் காயலுக்கும், பிறகு தூத்துக்குடிக்கும் நகர்ந்தது. குளிப்பு மட்டும் நிற்கவில்லை.

முத்துக் குளிப்புப் பருவத்துக்கு இந்தக் கரையில் சலாபம் என்று பெயர். சிப்பி விளையும் கடலடித் திட்டு 'பார்'. கயிற்றில் கட்டிய கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு குளிகாரர் இறங்குவார். தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். மூச்சு முட்டும்போது குளிகாரர் கயிற்றை அசைப்பார். மேலே இருப்பவர் இழுப்பார். சுறாவை மந்திரத்தால் கட்டுவதாகச் சொல்லிக் கரையில் நிற்கும் கடல்கட்டிக்கும் பங்கு உண்டு. மார்க்கோ போலோ அந்தப் பங்கை இருபதில் ஒன்று என்றும், அரசனுக்குப் பத்தில் ஒன்று என்றும் குறித்தார்.

இந்தப் பங்குக் கணக்கில் ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். மதுரை நாயக்கர், சேதுபதி, பாண்டியபதி எனப்பட்ட பரதவர் சாதித் தலைவர், ஊர்த்தலைவர்களான பட்டங்கட்டிகள், மரைக்காயர்கள் ஆகியோருக்குச் சலாபத்தில் இருந்த உரிமை 'கல்' என்ற அலகால் அளக்கப்பட்டது. இவருக்கு இத்தனை கல், அவருக்கு அத்தனை கல். ஒரு கல் என்றால் அதோடு இறங்கும் ஆட்களின் உழைப்பு. ஏட்டில் ஆள் இல்லை, கல் இருக்கிறது. பொருளியல் வரலாற்றாசிரியருக்கு அது போதும். குளிகாரரின் பேரப்பிள்ளைக்குப் போதாது.

1658இல் தூத்துக்குடி டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி வசம் போனது. முத்தோடும் சங்கோடும் துணியோடும் அவர்கள் மனிதரையும் ஏற்றுமதி செய்தார்கள். 1673இல் தொடங்கிய நீண்ட வறட்சியும் போரும் வரிக்கொடுமையும் மதுரை நாட்டைப் பிடுங்கித் தின்ற ஆண்டுகளில், 1673 முதல் 1677 வரை, மதுரைக் கடற்கரையிலிருந்து மட்டும் அந்தக் கம்பெனி 1,839 அடிமைகளை ஏற்றியதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். சோழமண்டலக் கரை முழுவதிலும் பஞ்சம் வந்தபோதெல்லாம் இது நடந்தது. கொழும்பு, பத்தாவியா, தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனை என்று டச்சு ஆட்சிக்குட்பட்ட இடங்களுக்கு இந்த அடிமைகள் போனார்கள். நன்னம்பிக்கை முனை ஆவணங்களில் கிறித்தவப் பெயரோடு 'கொரமண்டல்' என்ற ஊர்ப்பெயர் ஒட்டிய அடிமைகள் வருகிறார்கள். அவர்களோடு ஒரே கூரையின்கீழ் அடைபட்டிருந்தவர்கள் மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் கொண்டுவரப்பட்டவர்கள். எதிர்ப்புறமாகவும் கப்பல் வந்தது. போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் ஆகியோர் இலங்கைக்குக் கொண்டுவந்த ஆப்பிரிக்கரின் வழித்தோன்றல்கள் இன்றும் புத்தளம் அருகே சிறாம்பியடியில் வாழ்கிறார்கள். 'மாஞ்சா' என்ற தங்கள் பாட்டையும் ஆட்டத்தையும் காத்து வருகிறார்கள். மன்னார் வளைகுடாவின் ஒரு கரை தூத்துக்குடி என்றால் எதிர்க்கரைப் பக்கம் புத்தளம். கறுப்பர் வரலாறு என்பது அமெரிக்கக் கதை, நமக்கு அது எதற்கு என்று கேட்பவர் கடல் வரைபடத்தை ஒருமுறை பார்க்கலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தபின் அதே துறைமுகம் கூலிகளை ஏற்றியது. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு நீராவிக் கப்பல் போனது. இலங்கைத் தோட்டங்களுக்குப் போவோரை நோய்த்தடுப்புக்காக நிறுத்திவைத்த முகாம்களில் ஒன்று தூத்துக்குடியை அடுத்த தட்டப்பாறையில் இருந்தது.

ஒரு எச்சரிக்கை இங்கே தேவை. பரதவர், பள்ளர், பறையர், மலையகத் தமிழர், ஆப்பிரிக்க அடிமைகள் ஆகியோர் பட்ட பாடுகளை ஒன்றாகப் பிசைந்துவிட முடியாது. முத்துக் கரையின் பரதவருக்குள்ளேயே மாளிகையில் இருந்த பாண்டியபதியும் உண்டு, கடன் தீராத குளிகாரரும் உண்டு. இந்த மக்களுக்குப் பொதுவானது ஒன்று: ஏடுகளில் அவர்கள் எண்ணிக்கையாக இருக்கிறார்கள், பேசுபவராக இல்லை. இந்தியாவில் முதலில் அச்சான தமிழ் நூலாகிய 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சேறியது இந்தக் கரையின் பரதவக் கிறித்தவர்களுக்காகத்தான். தமிழ் அச்சின் முதல் வாசகர்களாக இருந்தும் அவர்கள் தங்கள் கதையை அச்சில் காண நானூறு ஆண்டுக்கு மேல் காத்திருந்தார்கள். ஜோ டி குரூஸின் 'கொற்கை' நாவல் வந்தது 2009இல். சாகித்திய அகாதெமி விருது பெற்றது 2013இல்.

2. ஹார்லெமின் 135ஆம் தெரு

அமெரிக்காவின் கறுப்பர் வரலாற்று மாதத்துக்கு அடித்தளமிட்ட கார்ட்டர் உட்சன் 1875இல் பிறந்தவர். பெற்றோர் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். இளவயதில் மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தார். அங்கே ஆலிவர் ஜோன்ஸ் என்ற கறுப்பினத் தொழிலாளிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அவர் வீட்டில் கறுப்பர் எழுதிய புத்தகங்களும் செய்தித்தாள்களும் இருந்தன. வேலை முடிந்தபின் உட்சன் படிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள், பிறகு உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட முதியவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொல்வார்கள். ஹார்வர்டில் 1912இல் முனைவர் பட்டம் பெற்ற இந்த வரலாற்றாசிரியருக்கு முதல் நூலகம் அந்த வீடு. தமிழ்நாட்டில் பெட்டிக்கடையோரம் ஓலைக்கூரை போட்டு நடந்த படிப்பகங்களை அறிந்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இருக்காது.

1926 பிப்ரவரியில் உட்சன் 'நீக்ரோ வரலாற்று வார'த்தைத் தொடங்கினார். ஆபிரகாம் லிங்கன், ஃபிரடெரிக் டக்ளஸ் ஆகியோரின் பிறந்தநாளைக் கறுப்பின மக்கள் ஏற்கெனவே கொண்டாடிவந்த வாரம் அது. படங்கள், பாடக்குறிப்புகள், சிறு நாடகங்கள் ஆகியவற்றைக் கட்டாகக் கட்டிப் பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் அவர் அனுப்பினார். ஆண்டு முழுவதும் கற்றதை ஊருக்கு எடுத்துக்காட்டும் வாரமாக அது இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அந்த வாரத்தின் ஐம்பதாம் ஆண்டான 1976இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஃபோர்டு பிப்ரவரி மாதம் முழுவதையும் கறுப்பர் வரலாற்று மாதமாக ஏற்று அறிவித்தார்.

நியூயார்க் பொது நூலகத்தின் 135ஆம் தெருக் கிளை இந்த உரையின் முக்கியச் சான்று. முதல் உலகப் போரை ஒட்டி, அந்தக் கிளை இருந்த ஹார்லெம் பகுதி கறுப்பினத்தவரின் நகராக மாறியது. 1920இல் கிளை நூலகராக வந்த எர்னஸ்டைன் ரோஸ் வெள்ளையர். அந்தப் பகுதி மக்களுக்கு அவர்கள் ஆட்களே நூல் எடுத்துத் தரவேண்டும் என்று கருதி, கேதரின் லாட்டிமரை வேலைக்கு எடுத்தார். நியூயார்க் பொது நூலகத்தின் முதல் கறுப்பின நூலகர் அவர். பின்னாளில் நாவலாசிரியராகப் புகழ்பெற்ற நெல்லா லார்சனும் அங்கே வேலை பார்த்தவர்தான். மாலை நேரங்களில் பேச்சு, கவிதை வாசிப்பு, விவாதம். 1921இல் கறுப்பின ஓவியர்களின் கண்காட்சி. கூட்டத்துக்கு வந்தவர்கள் அடுத்த நாள் வந்து கேட்டது கறுப்பர் எழுதிய நூல்களை. இருந்த சில நூல்கள் கைபட்டுக் கைபட்டுக் கிழிந்தன. புதிய படி வாங்கக் கிடைக்கவில்லை. ஆகவே அவற்றை வெளியே கொடுக்காமல் தனியே வைத்தார்கள். 1925 மே மாதம் அதுவே நீக்ரோ இலக்கியம், வரலாறு, அச்சுப்படங்களுக்கான தனிப் பிரிவு ஆயிற்று.

அடுத்த ஆண்டு ஆர்ட்டுரோ ஷோம்பர்க்கின் சேகரிப்பு அங்கே வந்து சேர்ந்தது. அவர் புவெர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர். நியூயார்க் வங்கி ஒன்றில் எழுத்தர். சிறுவயதில் ஆசிரியர் ஒருவர் கறுப்பருக்கு வரலாறு கிடையாது என்று சொன்னதாகவும், அந்தச் சொல்லைப் பொய்யாக்கத்தான் அவர் நூல் தேடத் தொடங்கியதாகவும் சொல்வார்கள். சுமார் 5,000 நூல்களும் 3,000 கையெழுத்துப் படிகளும் 2,000 அச்சுப்படங்களும் அடங்கிய அந்தச் சேகரிப்பைக் கார்னகி நிறுவனத்தின் 10,000 டாலரைக் கொண்டு நூலகம் வாங்கியது. 1932 முதல் 1938இல் இறக்கும்வரை ஷோம்பர்க்கே அதன் பொறுப்பாளர். இன்றைய ஷோம்பர்க் ஆய்வு மையத்தின் வேர் இது.

அதே கட்டடத்தின் அடித்தளத்தில் நடந்தது இன்னும் சுவையானது. கறுப்பினச் சிந்தனையாளர் டு பாய்ஸ் முன்னின்று தொடங்கிய கிரிக்வா நாடகக் குழு 1920களின் நடுவில் அங்கே நாடகம் போட்டது. 1940இல் 'அமெரிக்க நீக்ரோ நாடகக் குழு' அதே அடித்தளத்தில் பிறந்தது. அந்தக் குழுவில் பயின்றவர்கள் சிட்னி பாய்ட்டியரும் ஹாரி பெலஃபாண்டேயும். நூலகத்தின் கீழ்த்தளத்திலிருந்து ஹாலிவுட்டுக்கு ஒரு படிக்கட்டு இருந்தது என்றே சொல்லலாம். அரங்கு, திரை, அலமாரி மூன்றும் ஒரே கட்டடத்தில் ஒன்றையொன்று வளர்த்தன.

3. பூட்டிய கதவு

எல்லா ஊரும் ஹார்லெம் ஆகவில்லை. அமெரிக்கத் தென்மாநிலங்களில் பல பொது நூலகங்கள் வெள்ளையருக்கு மட்டும் உரியவை. மெம்பிஸ் நகரில் எழுத்தாளர் ரிச்சர்ட் ரைட் வெள்ளையர் ஒருவரின் நூலக அட்டையை வாங்கி, அவர் எழுதியதுபோலச் சீட்டு எழுதி, ஏவலாள் போல நின்று நூல் பெற்றார். 1939 ஆகஸ்டில் வர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியா நூலகத்தில் ஐந்து கறுப்பின இளைஞர்கள் உறுப்பினர் அட்டை கேட்டு மறுக்கப்பட்டபின் நூலை எடுத்து மேசையில் அமர்ந்து படித்தார்கள். காவல்துறை வந்து அழைத்துச் சென்றது. 1961 மார்ச்சில் மிசிசிப்பியின் ஜாக்சன் நகரில் டூகலூ கல்லூரி மாணவர் ஒன்பது பேர் அதையே செய்து சிறை சென்றார்கள். படிப்பது போராட்டமாக இருந்த இடம் அது. அங்கே பிப்ரவரி மாதத் திரையிடலுக்கு இன்று நூலகக் கதவு திறக்கிறது என்றால், அந்தக் கதவுக்கே ஒரு வரலாறு இருக்கிறது.

4. பிப்ரவரியிலிருந்து ஏப்ரலுக்கு

இந்தியாவில் இதற்கு இணையான முயற்சி 2015இல் தொடங்கிய தலித் வரலாற்று மாதம். தேன்மொழி சௌந்தரராசன் உள்ளிட்ட தலித் பெண்கள் சிலர், கறுப்பர் வரலாற்று மாதத்தை வெளிப்படையாக முன்மாதிரியாகக் கொண்டு, அம்பேத்கர் பிறந்த ஏப்ரலை அதற்குத் தேர்ந்தார்கள். இந்தத் தொடர்பு திடீரென்று முளைத்தது என்று எண்ண வேண்டியதில்லை. ஜோதிராவ் புலே 1873இல் வெளியிட்ட 'குலாம்கிரி' நூலை, அடிமைமுறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1913 முதல் 1916 வரை படித்தார். ஹார்லெம் அதற்கு அடுத்த பகுதி. 1946இல் அவர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, அமெரிக்கக் கறுப்பர்கள் ஐக்கிய நாடுகள் அவைக்குக் கொடுத்த மனுவின் படியைக் கேட்டார். டு பாய்ஸ் பதில் எழுதினார். 1972இல் மும்பையில் பிறந்த தலித் பேந்தர் இயக்கத்தின் பெயரே கடல் கடந்து வந்தது.

தமிழ் மண்ணில் ஷோம்பர்க்கின் வேலையைச் செய்தவர்கள் வீடுகளில் இருந்தார்கள். அயோத்திதாசர் 1907 ஜூனில் சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். அவருடைய பௌத்த சங்கத்துக்குக் கோலார் தங்கவயலில் வலுவான கிளைகள் இருந்தன. சாம்பியன் ரீஃப் சுரங்கக் குடியிருப்பில் இயங்கிய சித்தார்த்த புத்தகசாலை அவர் எழுத்துகளை நூலாக்கி வெளியிட்டது. உட்சன் நின்ற நிலக்கரிச் சுரங்கத்தையும் தமிழ்த் தொழிலாளர் நின்ற தங்கச் சுரங்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அயோத்திதாசர் மறைந்தது 1914இல். அவருடைய எழுத்துகள் ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' என்ற தொகுதிகளாக 1999இல் பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்திலிருந்து வெளிவந்த பிறகுதான் பரவலான வாசகர் கைக்கு வந்தன. இடைப்பட்ட எண்பத்தைந்து ஆண்டு அந்தப் பழைய இதழ்களைக் காத்தவர்கள் அன்பு பொன்னோவியம் போன்ற தனி ஆர்வலர்களும் சில குடும்பங்களும். பரண்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டு அரசு 2022இல் ஏப்ரல் 14ஐச் சமத்துவ நாளாக அறிவித்தது. அலுவலகங்களில் உறுதிமொழி எடுக்கப்படுகிறது. படத்துக்கு மாலை, உறுதிமொழி, இனிப்பு என்று பத்து நிமிடத்தில் முடிவதற்கும் வரலாற்றுக்கும் தொடர்பு குறைவு. சென்னையில் நீலம் பண்பாட்டு மையம் ஏப்ரல் தோறும் நடத்தும் வானம் கலைத் திருவிழா அதை மாதம் முழுவதற்குமான ஓவியம், நாடகம், இலக்கியம், திரைப்படம் என்று விரித்திருக்கிறது. செய்தது ஒரு தனி அமைப்பு. இத்தகைய பணிக்குரிய கட்டடமும் பணியாளரும் வரிப்பணமும் இருப்பது பொது நூலகத்திடம்.

5. திரை என்னும் ஆவணம்

நீலம் நடத்தும் திரைப்பட விழாவின் பெயர் பி.கே. ரோசி திரைப்பட விழா. ரோசி மலையாளத்தின் முதல் கதைப்படமான 'விகதகுமாரன்' படத்தின் நாயகி, தலித் பெண். படத்தை எடுத்த ஜே.சி. டேனியல் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து அகஸ்தீசுவரத்தில் பிறந்தவர். திருவனந்தபுரத்தில் படம் திரையிடப்பட்டபோது ஒரு தலித் பெண் நாயர் பெண்ணாக நடித்ததைப் பொறுக்காத கூட்டம் கலவரம் செய்தது. ரோசி ஊரைவிட்டே தப்பிப்போனார். பிறகு அவர் நடிக்கவில்லை. வெளியான ஆண்டை 1928 என்றும் 1930 என்றும் சொல்கிறார்கள். படம் முற்றாக அழிந்துவிட்டது. ஐயமற ரோசியுடையது என்று சொல்லத்தக்க படச்சுருள் ஒரு அடிகூட இல்லை.

அதே காலத்து அமெரிக்காவில் ஆஸ்கர் மிஷோ என்ற கறுப்பின இயக்குநர் 'வித்தின் அவர் கேட்ஸ்' படத்தை 1920இல் வெளியிட்டார். கறுப்பரைக் கொடியவராகக் காட்டிய 1915ஆம் ஆண்டின் 'பர்த் ஆஃப் எ நேஷன்' படத்துக்குக் கிடைத்த மறுமொழிகளில் அது முக்கியமானது. அந்தப் படமும் தொலைந்தே போனது. பல பத்தாண்டுகள் கழித்து ஸ்பெயின் நாட்டுத் திரைப்படக் காப்பகத்தில், ஸ்பானிய மொழித் தலைப்போடு ஒரு படி அகப்பட்டது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 1993இல் அதைச் சீர்செய்து மீட்டது. கறுப்பின இயக்குநர் எடுத்த கதைப்படங்களில் இன்று எஞ்சியிருப்பவற்றுள் அதுவே மிகப் பழையது. மிஷோவின் படத்தை மீட்டது நூலகம். ரோசியின் படத்தை மீட்க யாரும் இல்லை. இந்த வேறுபாட்டுக்காக ஒரு தனிச் சொற்பொழிவே நிகழ்த்தலாம்.

தூத்துக்குடி, நெல்லைப் பகுதியில் திரைக்கும் ஒடுக்கப்பட்டோர் வரலாற்றுக்கும் உள்ள உறவு தமிழ்நாட்டின் வேறெந்தப் பகுதியைக் காட்டிலும் நெருக்கமானது. 1999 ஜூலை 23இல் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்காகத் திருநெல்வேலியில் நடந்த ஊர்வலம் காவல்துறைத் தடியடியில் தாமிரபரணிக்குள் தள்ளப்பட்டு 17 பேர் இறந்தனர். நெல்லையில் காஞ்சனை திரைப்பட இயக்கத்தை நடத்திய ஆர்.ஆர். சீனிவாசன் அதை 'நதியின் மரணம்' என்ற ஆவணப்படமாக்கினார். திரைப்படச் சங்கம் நடத்தியவர் ஆவணப்படம் எடுத்தார் என்பது இவ்வுரையின் கருத்துக்கு உள்ளூர்ச் சான்று: பார்க்கக் கூடிய இடத்தில்தான் பதிவு செய்யும் ஆளும் உருவாகிறார். நெல்லைக்கு வெளியே, கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு குடிசையோடு 44 பேர் எரிக்கப்பட்டதைப் பாரதி கிருஷ்ணகுமாரின் 'ராமையாவின் குடிசை' அங்கே உயிரோடு இருந்தவர்களின் வாயாலேயே சொல்லவைத்தது. மதுரையில் அமுதன் ஆர்.பி. 1998 முதல் ஆவணப்பட விழா நடத்திவருகிறார். மலக்குழி மரணங்களைப் பற்றிய திவ்யபாரதியின் 'கக்கூஸ்' 2017இல் வந்தபோது பல இடங்களில் திரையிட அனுமதி கிடைக்கவில்லை.

கதைப்படத்தில் மாரி செல்வராஜ் தூத்துக்குடி மாவட்டத்துப் புளியங்குளத்துக்காரர். 'பரியேறும் பெருமாள்' (2018), 'கர்ணன்' (2021), 'வாழை' (2024) மூன்றும் இந்த மாவட்டங்களின் பேருந்து நிறுத்தம், சட்டக்கல்லூரி, வாழைத்தார் சுமக்கும் பிள்ளைகள் ஆகியவற்றிலிருந்து எழுந்தவை. 'கர்ணன்' வந்தபோது 1995 ஆகஸ்ட் 31இல் காவல்துறை புகுந்து வீடுகளைச் சூறையாடிய கொடியங்குளம் மறுபடியும் பேச்சுக்கு வந்தது. இருபத்தைந்து ஆண்டுச் செய்தித்தாள் செய்யாததை ஒரு படம் செய்தது. ஆனால் 'கர்ணன்' பார்த்துவிட்டு உண்மையில் என்ன நடந்தது என்று கேட்கும் பத்தாம் வகுப்பு மாணவி போக வேண்டிய இடம் எது? திரையரங்கு விளக்குப் போட்டதும் வெளியே அனுப்பிவிடும். நூலகத்தில் விளக்குப் போட்டபின் அடுத்த அறையில் செய்தித்தாள் கட்டும் விசாரணை அறிக்கையும் இருக்க முடியும். திரையிடலை நூலகம் ஏன் நடத்த வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

6. சட்டமும் அறையும்

தமிழ்நாட்டு நிலை இதற்கு இடம் தருகிறது. பொது நூலகச் சட்டத்தை 1948இல் இயற்றி இந்திய மாநிலங்களில் முதலிடம் பெற்றது சென்னை மாகாணம். சொத்துவரியோடு வாங்கும் நூலக வரி அதன் உயிர்நாடி. சட்டத்துக்குப் பின்னே இருந்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். அவருடைய ஐந்து விதிகள் நூலானதும், மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டி நூலகம் ஊர் ஊராகப் போனதும் 1931இல்தான். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்ற அவர் விதியை இன்று படிக்கும்போது, தன்னைப் பற்றிய நூலே எழுதப்படாத வாசகருக்கு எதைக் கொடுப்பது என்ற கேள்வி எழுகிறது. விதி அதற்குத் தடை சொல்லவில்லை. நூல் என்பதை விரித்துக்கொண்டால் போதும்.

2010இல் திறந்த சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் 2023இல் திறந்த மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் நல்ல அரங்குகள் இருக்கின்றன. மாவட்ட மைய நூலகங்களில் கூட்ட அறை உண்டு. அரசுப் பள்ளிகளில் 2022 முதல் மாதந்தோறும் சிறார் திரைப்படம் காட்டப்படுகிறது. ஆக, திரையிடல் அரசுக்குப் பழக்கமில்லாத வேலை அன்று.

நடத்துவோர் அறிந்திருக்க வேண்டியவை இரண்டு. 1952ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டப்படி பொதுவில் காட்டும் படத்துக்குத் தணிக்கைச் சான்று வேண்டும். பல ஆவணப்படங்கள் அதைப் பெறாதவை. இரண்டாவது, பதிப்புரிமை. குறுந்தட்டு வாங்கியதாலோ இணையத் தளத்துக்குச் சந்தா கட்டியதாலோ ஊரைக் கூட்டிக் காட்டும் உரிமை வந்துவிடாது. உரிமையாளரின் எழுத்து ஒப்புதல் தேவை. ஆவணப்பட இயக்குநர்கள் பெரும்பாலும் மகிழ்ச்சியோடு தருவார்கள். அழைத்தால் வந்து பேசவும் செய்வார்கள். போக்குவரத்துச் செலவைக் கொடுப்பது மரியாதை.

7. விளக்குப் போட்ட பிறகு

படம் முடிந்ததும் நடப்பதே நூலகத்துக்கு உரிய பகுதி. முன்வரிசையில் இருந்த முதியவர் எழுந்து, படத்தில் காட்டியது சரியில்லை, எங்கள் ஊரில் வேறு மாதிரி நடந்தது என்று சொல்வார். வழக்கமாக நன்றியுரைக்கு நேரமாகிவிட்டது என்று அவரை உட்காரவைப்பார்கள். அவர் சொல்வதை ஒலிப்பதிவு செய்து, பெயரும் ஊரும் தேதியும் எழுதி, அவர் ஒப்புதல் கையெழுத்தோடு நூலகச் சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு எண் போட்டால் அது நூல். ஈழத்தமிழருக்காக 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம் ஏடுகளோடு வாய்மொழி வரலாறுகளையும் சேர்த்துவருகிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா தனியாளாகச் சேர்த்தவை, சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையோடு 1994இல் சென்னையில் ஆய்வு நூலகமாயின. நாடக நோட்டீசும் திரைப்படப் பாட்டுப் புத்தகமும் அங்கே ஆவணம். தள்ளத்தக்கது என்று எதையும் முன்கூட்டி முடிவு செய்யாதவரே நல்ல சேகரிப்பாளர்.

சேர்த்தது ஓரிடத்தில் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் அருகிலேயே சான்று இருக்கிறது. 1981 மே 31 இரவு தொடங்கிய வன்முறையில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது; சுமார் 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. அந்த எரிப்பை நினைவில் வைத்திருந்தவர்களைத் தேடிச் சோமீதரன் 2008இல் 'எரியும் நினைவுகள்' ஆவணப்படத்தை எடுத்தார். நூலகம் அழிந்த கதையைக் காக்கும் ஏடாக அங்கே திரைப்படம் நிற்கிறது. அந்தப் படத்தை ஒரு நூலகத்தில் அமர்ந்து பார்ப்பது தனி அனுபவம்.

கொற்கைக் கடற்கரையில் செய்ய வேண்டியதைச் சுருக்கமாகக் கூறலாம். எஸ். அருணாசலம் எழுதி அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1952இல் வெளியிட்ட தமிழகக் கடற்கரை முத்துக்குளிப்பு வரலாறு ஆங்கிலத்தில் இருக்கிறது. ஆங்கிலேய ஆட்சிக் காலத்துத் தர்ஸ்டன், ஹார்னெல் ஆகியோரின் முத்துக்குளிப்பு அறிக்கைகளும் அப்படியே. பார்களின் எண்ணிக்கையும் சிப்பியின் விலையும் அரசுக்கு வந்த வருவாயும் அவற்றில் நிறைய உண்டு. குளிகாரரின் பேச்சு அவற்றில் இல்லை. தூத்துக்குடி, புன்னைக்காயல், காயல்பட்டினம், கீழக்கரை நூலகங்களில் ஒரு மாலை திரை கட்டி, கடலைப் பற்றிய எந்தப் படத்தையாவது போட்டு, முடிந்ததும் ஒலிப்பதிவுக் கருவியை முன்வரிசைக்குக் கொண்டுபோக வேண்டும். அதை விரைவில் செய்ய வேண்டும். தூத்துக்குடிக் கடலில் கடைசிச் சலாபம் நடந்தது 1961இல். அன்று இருபது வயதில் கல்லோடு இறங்கியவர் இன்று எண்பதைத் தாண்டிவிட்டார்.